முதன்முதலாகப் பனிச்சறுக்கு: எந்த ஊருக்குப் போவது? டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணம்: சார், வயது 38. நானும் மனைவியும் பனியையே நேரில் பார்த்ததில்லை. சம்பா அறுவடை முடிந்ததும் ஒரு வாரம் போய் ஸ்கீயிங் கற்றுக்கொள்ள ஆசை. ரிசார்ட்டை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மொத்தம் எத்தனை கிலோமீட்டர் சரிவு, எவ்வளவு உச்சி என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதைப் பார்க்காதீர்கள். முதல் மூன்று நாள் உங்களுக்கு வேண்டியது அடிவாரத்தில் ஒரு நூறு மீட்டர் இடம், அவ்வளவுதான். அந்த நூறு மீட்டரைப் பற்றித் துருவித் துருவிக் கேளுங்கள்.

முதலில், அது வேலி போட்டது போல் தனியாக இருக்கிறதா? மேலிருந்து வேகமாக வருகிறவர்கள் அதன் குறுக்கே வரக் கூடாது. சரிவு முடிகிற இடம் தட்டையாகவோ லேசான எதிர்மேடாகவோ இருக்க வேண்டும். பிரேக் போடத் தெரியாதவர் தானாக நிற்க அதுதான் வழி.

அடுத்து, மேலே ஏற என்ன வசதி? மேஜிக் கார்ப்பெட் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அரிசி ஆலையில் மூட்டை ஏறுகிற பெல்ட் மாதிரி தரையோடு ஓடும், ஏறி நின்றால் போதும். பட்டன் லிஃப்ட் மட்டும்தான் என்றால் இதை மனதில் வையுங்கள்: கம்பியில் தொங்கும் வட்டத் தட்டைத் தொடைகளுக்கு நடுவே விட்டு, நின்றபடியே இழுத்துப் போக விட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் அதில் உட்காரப் பார்ப்பார்கள். உட்கார்ந்த நொடி ஸ்பிரிங் நீண்டு கொடுத்துவிடும், ஆள் தரையில். விழுந்தால் தட்டை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருண்டு விலகுங்கள். பின்னாலேயே அடுத்தவர் வந்துகொண்டிருப்பார்.

இன்னொன்று, நான்காம் நாள் எங்கே போவீர்கள்? நூறு மீட்டருக்குப் பிறகு நீளமான, சாதுவான ஒரு பாதை இருக்க வேண்டும். பயந்துவிட்டால் லிஃப்டிலேயே கீழே இறங்கவும் விட வேண்டும். சில இடங்களில் ஏற லிஃப்ட் உண்டு, இறங்கச் செங்குத்துப் பாதை ஒன்றுதான். அங்கே போகவே கூடாது.

இந்தியாவுக்குள் என்றால் காஷ்மீரின் குல்மார்க். அடிவாரப் புல்வெளி முழுக்க மென்மையான சரிவு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிறுவனமும் அங்கேயே இருக்கிறது. தை பின்பாதியிலிருந்து மாசி வரை நல்ல பனி, உங்கள் அறுவடைக் கணக்குக்கும் ஒத்து வரும். ஊர் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் கடல் மட்டத்து ஆட்கள், அதனால் போய்ச் சேர்ந்த நாள் ஓய்வு, பயிற்சி மறுநாள்.

மன்னார்குடி: உத்தராகண்டின் ஆலி, மணாலி பக்கத்துச் சோலாங் எப்படி?

பதில்: ஆலியில் சரிவு நன்று, எதிரே நந்தாதேவி தெரியும். கட்வால் மண்டல வளர்ச்சி நிறுவனம் 7 நாள், 14 நாள் பயிற்சி நடத்தும். ஆனால் பனி சில வருடம் ஏமாற்றும், அதனால் பணம் திரும்பக் கிடைக்கும்படி பதிவு செய்யுங்கள். ஆலிக்குக் கீழே உள்ள ஜோஷிமட்டில் நிலம் வெடித்த 2023 ஜனவரியில் அங்கிருந்து ஏறும் ரோப்வே நிறுத்தப்பட்டது, சாலை வழியே போகத் திட்டமிடுங்கள். சோலாங்கில் சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவே அரை மணி நேரம் ஸ்கீ வாடகை எடுப்பதால் எதுவும் கற்க முடியாது. மணாலி மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சியில் சேர முடிந்தால் போங்கள்.

நாகப்பட்டினம்: தம்பி துபாயில் இருக்கிறான். அங்கே மாலுக்குள் ஸ்கீ இருக்கிறதாமே?

பதில்: ஸ்கீ துபாய், 2005-இல் திறந்தது. அதன் உயரம் 85 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதாவது சுமார் 66 மீட்டர். அதைவிடக் கொஞ்சம் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து நேரே விமானம் உண்டு. இந்த விளையாட்டு உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. நிற்கவும் திரும்பவும் தெரிந்தால்தான் பெரிய சரிவில் விடுவார்கள், அதனால் பாடத்தோடு சேர்த்தே டிக்கெட் எடுங்கள்.

தஞ்சாவூர்: ஐரோப்பாவில் சரிவுகளின் கடினத்தைப் பச்சை, நீலம் என்று நிறத்தால் சொல்கிறார்களே?

பதில்: பிரான்சில் பச்சைதான் மிக எளிது, அடுத்தது நீலம். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் நீலத்திலேயே தொடங்குகிறது. அதன் சாய்வு பொதுவாக 25 சதவீதத்துக்குள். தஞ்சாவூரிலிருந்து நாகை வரை நிலம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. 25 சதவீதம் என்றால் கிலோமீட்டருக்கு 250 மீட்டர். எனவே 'எளிது' என்ற சொல்லை நம்பி முதல் நாளே நீலத்தில் ஏறாதீர்கள்.

மயிலாடுதுறை: மச்சான் கனடாவில் ஸ்கீ செய்கிறவர். அவரே சொல்லித் தருவார், பயிற்சிக் கட்டணம் மிச்சம்தானே?

பதில்: வேண்டாம். சொந்தக்காரரிடம் கற்காதீர்கள். இரண்டாம் மணி நேரத்திலேயே மேலே கூட்டிப் போய்விடுவார்கள்.

பட்டுக்கோட்டை: குல்மார்க் போய்விட்டுக் கொண்டோலாவில், அதாவது மலையேறும் கேபிள் காரில், இரண்டாம் கட்டம் போகாமல் வருவதா? போன வருடம் எங்கள் குழு மூன்றாம் நாளே அங்கிருந்து சறுக்கி இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை.

பதில்: ஆகாமல் போனதைத் தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் கட்டம் சுமார் 3,100 மீட்டரில் முடிகிறது. இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,950 மீட்டரை நெருங்கும். அங்கே இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய பாதை கிடையாது, பனி கிடந்தபடி கிடக்கும். 2023 பிப்ரவரியில் பனிச்சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். அனுபவம் உள்ளவர்களே போகிற மலை அது.

திருவாரூர்: பட்டுக்கோட்டை அண்ணன் சொல்வதும் சரிதானே? கைடு கூடவே வருகிறாரே!

பதில்: கைடு வழி காட்டுவார், உங்கள் முழங்காலை அவர் மடக்க முடியாது. ஸ்கீகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டிப் போடும் ஆப்பு வடிவ பிரேக் ஆழப் பனியில் பிடிக்காது. இரண்டு ஸ்கீயும் தனித்தனியே புதைந்து கால் முறுகும். மூன்று நாள் கற்றவருக்குத் தெரிந்த ஒரே பிரேக் அதுதான்.

பட்டுக்கோட்டை: சரி சார். மேலே போய்ப் பார்த்துவிட்டுக் கொண்டோலாவிலேயே இறங்கினால்?

பதில்: தாராளமாக. ஸ்கீயைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள். தலைவலி, குமட்டல் வந்தால் உடனே இறங்குங்கள்.

வேதாரண்யம்: வாடகை பூட்ஸ் காலைக் கடிக்கும் என்கிறார்கள். ஒரு சைஸ் பெரிதாக எடுக்கலாமா?

பதில்: கூடாது. பெரிய பூட்ஸில் குதிகால் தூக்கும், ஸ்கீ சொன்ன பேச்சுக் கேட்காது. பாதத்தைச் சென்டிமீட்டரில் அளந்து கேளுங்கள். நேராக நிற்கையில் விரல் நுனி முன்னே லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விலக வேண்டும். செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்து பழகிய பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும், அதனால் 102 மில்லிமீட்டர் அகலம் கேளுங்கள். முழங்கால் வரை வரும் மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து அதுதான் கடிக்கும். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கை அமைக்கும்போது உங்கள் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள். விழும்போது பூட்ஸ் ஸ்கீயிலிருந்து எப்போது கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது.

சீர்காழி: எந்த ரிசார்ட் நல்லது சார்?

பதில்: கும்பகோணத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குத்தாலம்: வயது 52, முழங்கால் வலி உண்டு.

பதில்: முதலில் எலும்பு மருத்துவர். அவர் சரி என்றால் இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் தோப்புக்கரணம், மெதுவாக இறங்கி மெதுவாக எழுங்கள். சுவரில் முதுகு சாய்த்து நாற்காலி போல் உட்கார்ந்து ஒரு நிமிடம் நிற்க முடிய வேண்டும்.

திருத்துறைப்பூண்டி: ஜீன்ஸ் போதுமா?

பதில்: போதாது. நனைந்தால் காயாது.

பேராவூரணி: ஸ்னோபோர்டு?

பதில்: எனக்குப் பழக்கமில்லாத துறை. அதற்கான பயிற்சியாளரைக் கேளுங்கள்.

பாபநாசம்: விசா தொல்லை இல்லாமல் வெளிநாடு?

பதில்: கஜகஸ்தானின் அல்மாட்டி. இந்தியர்களுக்கு 2022 முதல் 14 நாள் வரை விசா வேண்டாம். ஊரை ஒட்டியே ஷிம்புலாக், அடிவாரம் 2,260 மீட்டர், குல்மார்க்கைவிடத் தாழ்வு. ஆங்கிலம் பேசும் பயிற்சியாளர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். அங்கே போய்ச் சைகையில் பிரேக் கற்க முடியாது. பயணக் காப்பீட்டில் குளிர்கால விளையாட்டு என்ற பிரிவைத் தனியே சேர்க்கச் சொல்லுங்கள்.

குடவாசல்: அப்படியானால் அங்கே போய் மேலே உச்சிக்கு...

பதில்: ஆறு நாள் பயிற்சி முடித்துவிட்டு, உங்கள் பயிற்சியாளரைக் கேளுங்கள்.