ஊராட்சி நோட்டீஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

ஊராட்சிச் செயலராகப் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கிராம சபை, ஏலம், நில எடுப்பு, வரி என்று நம் ஊர்களில் ஒட்டப்படும் அறிவிப்புகளைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. எந்த நோட்டீஸாக இருந்தாலும் மூன்று இடத்தைப் பாருங்கள்: மேலே எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று இருக்கும், நடுவில் கடைசித் தேதி இருக்கும், கீழே கையெழுத்து போட்டது எந்த அதிகாரி என்று இருக்கும். போட்டோ எடுத்து அனுப்பி "இது என்ன சார்" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கடைசித் தேதி இருக்கிற ஓரத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் கிராம சபை நடந்து முடிந்த பிறகுதான் நடந்ததே தெரிகிறது. முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று விதி எதுவும் இல்லையா?

இருக்கிறது. ஏழு நாளுக்கு முன்னால் அறிவிப்பு கொடுக்க வேண்டும். தேதி, இடம், நேரம், என்னென்ன பொருள் பேசப் போகிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். தேதியைப் பொறுத்தவரை நீங்கள் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கும் பழையவை. 2022-லிருந்து உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு ஆகிவிட்டது. இந்த ஆறையும் வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிட்டு, ஒரு வாரம் முன்னால் போய்ப் பலகையைப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அன்றைக்கே எழுதிக் கேளுங்கள், கூட்டம் முடிந்த பிறகு சண்டை போடுவதால் ஒன்றும் ஆகாது.

முன்பெல்லாம் தண்டோரா போடுவார்கள். அதை நிறுத்த வேண்டும், தேவைப்பட்டால் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவிக்கலாம் என்று 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒரு மனிதரைத் தெருத்தெருவாகப் பறையடித்துக்கொண்டு போக வைத்த வழக்கம் ஒழிவது நல்லதுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அந்த இடத்தில் ஒலிபெருக்கி வண்டி வந்ததா என்றால், நான் பார்த்த பல ஊரில் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு நோட்டீஸ் ஒட்டினால் போதுமா? வண்டி கேட்டு மனு கொடுங்கள், நியாயமான கோரிக்கைதான்.

கேள்வி: முப்பது பேர்தான் வந்தார்கள். அப்புறம் வீடு வீடாக நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினார்கள். இது செல்லுமா அண்ணே?

செல்லக் கூடாது. கிராம சபைக்குக் குறைவெண் என்று ஒன்று உண்டு. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். அத்தனை பேர் சேரவில்லை என்றால் கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டியதுதான். அந்த எண்ணிக்கையைக் காட்டத்தான் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். நூறு நாள் வேலை செய்யும் இடத்திலேயே நோட்டை நீட்டி வாங்குவதும் உண்டு.

இதைத் தடுப்பது உங்கள் கையிலும் இருக்கிறது. வராத கூட்டத்துக்குக் கையெழுத்து போடாதீர்கள். வந்த கூட்டத்தில், தீர்மானம் எழுதாத வெறும் பக்கத்துக்கு அடியில் போடாதீர்கள். "தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டுங்கள், அப்புறம் போடுகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஒருவர் சொன்னால் முறைப்பார்கள். பத்துப் பெண்கள் சேர்ந்து சொன்னபோது எழுத்தர் உட்கார்ந்து எழுதியதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். சபையின் உறுப்பினர் என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர். ஊரில் பிறந்தவர், நிலம் வைத்திருப்பவர் என்பதெல்லாம் கணக்கில் வராது. வெளியூருக்கு ஓட்டை மாற்றிக்கொண்டு போனவர்கள் இதை மறந்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்து கோபப்படுகிறார்கள்.

கேள்வி: பதவிக்காலம் முடிந்துவிட்டது, தலைவர் இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் கிராம சபை கிடையாதா? யாரிடம் போவது?

தலைவர் இல்லாவிட்டாலும் ஊராட்சி இருக்கிறது, சபையும் இருக்கிறது. ஏனென்றால் சபை என்பது வாக்காளர்கள், அவர்களுக்குப் பதவிக்காலம் ஏது? 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில், இப்போதைய கணக்குக்கு 28 மாவட்டங்களில், 2025 ஜனவரி 5-உடன் காலம் முடிந்து தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. கிராம ஊராட்சிக்கு வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களின் கணக்கு தனி. 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கும் மேலாக இப்படித் தனி அலுவலர் ஆட்சியில் ஓடியதும் நினைவிருக்கும். ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243இ பிரிவு சொல்கிறது, அதை மதிக்காமல் தள்ளிப்போடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதுவரை உங்கள் மனுவில் "தனி அலுவலர் அவர்கள்" என்று எழுதி ஒன்றிய அலுவலகத்தில் கொடுங்கள்.

கேள்வி: நோட்டீஸில் கையெழுத்து போட்டவர் வி.ஏ.ஓ. ஊராட்சி ஆபீஸில் கேட்டால் "எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரிதான், ஏமாற்றவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறை: பட்டா, சிட்டா, அடங்கல், ஆக்கிரமிப்பு, நில எடுப்பு. அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர், தாசில்தார். ஊராட்சிச் செயலர் ஊரக வளர்ச்சித் துறை: வீட்டு வரி, குடிநீர், தெருவிளக்கு, கிராம சபை. அவருக்கு மேலே வட்டார வளர்ச்சி அலுவலர். இரண்டும் மாவட்ட ஆட்சியரிடம்தான் போய்ச் சேரும். அதனால்தான் எங்கே கொடுப்பது என்று தெரியாவிட்டால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறோம்.

கேள்வி: தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கிறார்களாம். பேப்பரில் எங்கள் ஊர் சர்வே எண் வந்திருக்கிறது, அதில் எங்கள் தாத்தா பெயர் இருக்கிறது. அவர் இறந்து இருபது வருடம் ஆகிறது. பதற்றமாக இருக்கிறது, என்ன செய்வது?

முதலில் அந்தப் பேப்பரைப் பத்திரமாக வையுங்கள், அதில் தேதி இருக்கிறது. நில எடுப்பு நோட்டீஸ் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள், எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்து உங்களுக்கு இருக்கிற நாள் மாறும். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-ன் 3ஏ பிரிவு என்று போட்டிருந்தால், அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாள்தான். அதற்குள் எழுத்து மூலமாக ஆட்சேபனை போக வேண்டும். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு என்றால் 60 நாள். பக்கத்து ஊர்க்காரர் "ரெண்டு மாசம் டைம் இருக்குப்பா" என்று சொன்னதை நம்பி 21 நாளைத் தவறவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன, அவர் சொன்னது வேறு சட்டத்தின் கணக்கு. மாநில நெடுஞ்சாலை என்றால் 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் வரும், அதன் 15(2) நோட்டீஸ் உங்களிடம் விளக்கம் கேட்பது, அதிலேயே கெடு எழுதியிருக்கும்.

ஆட்சேபனையை எழுதும்போது "எங்கள் வாழ்வாதாரம் போய்விடும்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அது உண்மைதான், ஆனால் அதற்கு ஒரே வரியில் பதில் எழுதி மூடிவிடுவார்கள். கிணறு எந்தப் புல எண்ணில் இருக்கிறது, சாலை நடுவில் போனால் மீதி நிலத்துக்கு வாய்க்கால் தண்ணீர் எப்படி வரும், எத்தனை தென்னை இருக்கிறது, வரைபடத்தில் காட்டாத வீடு இருக்கிறதா என்று குறிப்பாக எழுதுங்கள். நேரில் விசாரிக்க வேண்டும் என்றும் கேளுங்கள், விசாரணை தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்திலேயே இருக்கிறது. அதே சட்டத்தின் 3டி பிரிவு அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசிடம் போய்விட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் பேச்சு இழப்பீட்டைப் பற்றித்தான்.

தாத்தா பெயர் விஷயம்: வருவாய்ப் பதிவேட்டில் இருக்கிற பெயரைத்தான் அவர்கள் எடுத்துப் போடுவார்கள். யாருக்கும் தனியாகத் தபால் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் இணைத்து "நாங்கள் வாரிசுகள், எங்களை உரிமையாளர்களாகச் சேர்க்கவும்" என்று அதே ஆட்சேபனைக் கடிதத்தில் எழுதுங்கள். பட்டா மாறுதலுக்கும் தனியாக விண்ணப்பம் போடுங்கள். பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து போடுவது நல்லது, இழப்பீடு வரும் நேரத்தில் பங்குத் தகராறு என்றால் பணம் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: சார், ஆக்கிரமிப்பு என்று 7-ஆம் பிரிவு நோட்டீஸ் வந்திருக்கிறது. நாளைக்கே இடித்துவிடுவார்களா?

இல்லை. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7 என்பது விளக்கம் கேட்பது. வெளியேற்றச் சொல்வது 6. எண் தலைகீழாக இருப்பதால் எல்லாரும் குழம்புகிறார்கள். விளக்கத்தைக் கெடுவுக்குள் எழுதிக் கொடுங்கள். ஆனால் ஏரி, குளம் என்றால் நேராகச் சொல்லிவிடுகிறேன், அதற்கு 2007-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, அங்கே வீட்டைத் தக்கவைப்பது கடினம். மாற்று இடம் கேட்டு மனு போடுவதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

கேள்வி: புளியமர ஏலம் யாருக்கும் தெரியாமல் போன தடவை எடுத்தவருக்கே போய்விட்டது.

மகசூல் ஏலமோ மீன்பாசிக் குத்தகையோ, அறிவிப்பு இல்லாமல் நடந்தால் மறு ஏலம் கேட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதுங்கள், நகல் ஆட்சியருக்கு. மனுவில் "நான் இவ்வளவு கேட்கத் தயாராக இருக்கிறேன்" என்று தொகையைப் போடுங்கள். ஊராட்சிக்கு எவ்வளவு நஷ்டம் என்பது அப்போதுதான் காகிதத்தில் தெரியும்.

கேள்வி: எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. நல்லதா கெட்டதா?

ஊரைப் பொறுத்தது தம்பி. வீட்டு மனையாகவே மாறிவிட்ட ஊர் என்றால் பாதாளச் சாக்கடை, குப்பை வண்டி வர வழி உண்டு. இன்னும் பாதிப் பேர் விவசாயக் கூலி என்றால், ஊரக வேலைத் திட்டம் நகர்ப்புறத்துக்குப் பொருந்தாது, அதை இழப்பார்கள். வரியும் மாறும். கிராம சபையும் போய்விடும், வார்டு அளவில் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அரசிதழில் வருவது முதலில் உத்தேச அறிவிப்புதான், ஆட்சேபனை கேட்பார்கள். தீர்மானம் போட்டுக் கொடுப்பதோடு, வீட்டுக்கு ஒரு கடிதம் என்று போடுங்கள். தீர்மானம் ஒரே ஒரு தாளாகத்தான் கோப்பில் நிற்கும். தெருவில் மறியல் செய்துவிட்டு, எழுத்தில் ஒன்றும் கொடுக்காமல் விட்ட ஊர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: வரவு செலவைக் கேட்டால் "கணக்கு எல்லாம் ஆன்லைனில் இருக்கு, போய்ப் பாருங்கள்" என்கிறார்கள்.

சரி, பார்த்துவிடுங்கள். இ-கிராம் ஸ்வராஜ் என்று 2020 ஏப்ரலில் வந்த தளம் இருக்கிறது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் மத்திய நிதியில் செய்த வேலைகள் வரும். 15-ஆவது நிதிக்குழு 2021-22 முதல் ஐந்து ஆண்டுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் என்று கட்டி வைத்தது. உங்கள் ஊரில் குடிநீருக்கு என்ன செய்தார்கள் என்று அதை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஆனால் ஆன்லைனில் இருப்பதால் சபையில் வைக்க வேண்டியதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. படிவம் 30 என்று வரவு செலவுச் சுருக்கம் ஒன்று உண்டு, அதைச் சபையில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். "படிவம் 30 எங்கே" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், கேட்கிற விதத்திலேயே இவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்வார்கள். உத்திரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டி, வெட்டி வைத்த குடவோலை விதியில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது என்று இருக்கிறது. அதுவும் ஒரு பொது அறிவிப்புதான், எல்லாரும் பார்க்கிற சுவரில். நம் ஊரில் கணக்கை ஒரு தாளில் எழுதி ஒட்டுவது பெரிய காரியமா என்ன?

கேள்வி: கேட்டும் தரவில்லை என்றால்? தகவல் உரிமை மனுவில் எப்படி எழுதுவது ஐயா?

"ஏன் ரோடு போடவில்லை?" என்று எழுதாதீர்கள். ஏன் என்பதற்கு அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை, கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும். "குறிப்பிட்ட தேதியில் நடந்த கிராம சபையின் தீர்மானப் பதிவேடு, வருகைப் பதிவேடு இரண்டின் நகல்" என்று கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், ஊராட்சி ஒன்றிய அலுவலகம் என்று முகவரி போட்டால் போதும். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் ஐந்து நாளில் அவர்களே உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும், 6(3) பிரிவு. முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.

கேள்வி: மனு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், ரசீது கேட்டால் "எங்களை நம்ப மாட்டீங்களா" என்று கோபப்படுகிறார்கள்.

நம்புகிறீர்களா இல்லையா என்ற பேச்சுக்கே போக வேண்டாம் அம்மா. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டாவதை நீட்டி "இதில் சீல் போட்டு, தேதி போட்டுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். அப்படியும் மறுத்தால் வாசலை விட்டு இறங்கி நேராகத் தபால் ஆபீஸுக்குப் போய், விரைவுத் தபாலில் அன்றைக்கே அனுப்பி, ரசீதை வாங்கிவிடுங்கள். அந்த ரசீதை மனு நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.