போர் விமானம் கிடைக்கவில்லை, 100 பவுண்டு கிடைத்தது

"எண்ணெய் டின் மூடி 10 சேர்த்துக் கொடுத்தால் மிக்ஸி இலவசம் என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினேன். மூடிகளோடு போனால், 'அது சும்மா விளம்பரத்துக்குப் போட்டது' என்கிறார்கள். வழக்குப் போடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

தாராளமாகப் போடலாம். 'சும்மா விளம்பரம்' என்ற இதே பதிலை 1892-இல் லண்டனில் ஒரு கம்பெனி சொல்லிப் பார்த்துத் தோற்றது. மூக்கில் மருந்துப் புகை இழுக்கும் ரப்பர் உருண்டையை விற்றவர்கள் அவர்கள். தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் இழுத்தும் இன்ஃபுளுயன்சா வந்தால் 100 பவுண்டு என்று பத்திரிகையில் போட்டார்கள். ஒரு பெண்மணி ஏறக்குறைய இரண்டு மாதம் விடாமல் இழுத்தார். அப்படியும் காய்ச்சல் வந்துவிட்டது! 'வெறும் விளம்பரப் பேச்சு' என்று கம்பெனி வாதாடியது. ஆனால் சொன்ன சொல்லுக்குச் சாட்சியாக வங்கியில் 1,000 பவுண்டு கட்டியிருப்பதாக அதே விளம்பரத்தில் அச்சாகியிருந்தது. அதுவே அவர்களை மாட்டிவிட்டது.

அமெரிக்காவில் பெப்சி மீது வந்த வழக்கு வேறு மாதிரி முடிந்தது. பெப்சி வாங்கிப் புள்ளிகள் சேர்த்தால் பரிசு என்ற டிவி விளம்பரம் அது. அதில் பள்ளிக்கூடத்துக்குப் பையன் போர் விமானத்தில் வந்திறங்குவான். '70 லட்சம் புள்ளிகள்' என்று திரையில் எழுத்து வரும். ஒரு புள்ளியை 10 சென்ட்டுக்கு வாங்கலாம் என்று விதியிலேயே இருந்தது. கணக்குப் போட்ட ஒரு மாணவர், 15 புள்ளிகளோடு 7 லட்சம் டாலருக்குச் செக் அனுப்பி, சுமார் 2.3 கோடி டாலர் விமானத்தைக் கேட்டார். நியாயமாக யோசிக்கும் எவரும் அதை நிஜமென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று 1999-இல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

உங்கள் மிக்ஸி விவகாரம் லண்டன் வழக்கின் ரகம். நம்பக்கூடிய பரிசு, தெளிவான நிபந்தனை, அதை நீங்கள் நிறைவேற்றியும் விட்டீர்கள். நிபந்தனையை நிறைவேற்றுவதே சம்மதம் என்கிறது நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 8-வது பிரிவு. கொடுக்கும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

சரி, இப்போது விளம்பரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். கடைசித் தேதி, 'இருப்பு உள்ளவரை' போன்ற பொடி எழுத்து இருந்தால் வழக்கின் பலம் குறையும். இல்லையென்றால் விளம்பரம், பில் இரண்டையும் வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். மறுத்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணமில்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மூடிகளை மட்டும் ரசீது வாங்காமல் யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.