மனதோடு பேசுவோம்: இடி ஓய்ந்ததும் உறங்கிவிடும் நாய்

கடந்த இதழில் நித்திரையின்மை பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் பலர் தம் வீட்டு நாயையும் பூனையையும் முன்வைத்தே இம்முறை கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஓர் உளவளத்துணையாளராக நான் நாளாந்தம் கேட்கும் கவலைகளுக்கு இவை மிக அருகில் இருப்பதால், நான்கு கடிதங்களை எடுத்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் கொழும்புக் கோட்டையில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வெள்ளவத்தையில், புகையிரதப் பாதைக்கு அருகே ஒரு தொடர்மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் நாய்க்கு ஆறு வயது. இடி முழங்கினால் கட்டிலுக்குக் கீழே புகுந்து நடுங்கும். ஆனால் மழை ஓய்ந்து கால் மணித்தியாலத்துக்குள் வெளியே வந்து, உடம்பை ஒரு முறை உதறிவிட்டு, நிலத்தில் சரிந்து உறங்கிவிடும். எனக்கோ, காலையில் மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் சொன்ன ஒரு சொல் இரவு இரண்டு மணி வரை தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நாயால் முடிவது என்னால் ஏன் முடியவில்லை?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, அச்சம் வரும்போது உங்கள் உடம்பிலும் நாயின் உடம்பிலும் நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, சற்றுப் பிந்தி, மன அழுத்தத்தில் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் உயர்கிறது. ஆபத்து நீங்கியதும் இவை எல்லாம் படிப்படியாகத் தணிய வேண்டும் என்பதே இயற்கையின் ஏற்பாடு. நாய்க்கு அந்த ஏற்பாடு பெரும்பாலும் தடையின்றி நடந்து முடிகிறது. மனிதருக்கோ நடந்ததை மறுபடி மனதில் நிகழ்த்திப் பார்க்கும் ஆற்றல் உண்டு. அப்படி நிகழ்த்தும் ஒவ்வொரு தடவையும் உடம்பு அதைப் புதிய ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. இடி ஒரு முறை முழங்கி ஓய்ந்துவிட்டது. மேலதிகாரியின் சொல் உங்கள் படுக்கையில் நாற்பது முறை முழங்குகிறது.

எல்லா நாய்களும் இப்படி எளிதில் மீண்டுவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடிபட்டு வளர்ந்த நாய், கையை உயர்த்தினாலே ஆண்டுக்கணக்கில் பதுங்கும். தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் வெடிக்கும் பட்டாசுக்குப் பயந்து நாள் முழுவதும் உண்ணாமல் கிடக்கும் நாய்களைக் கொழும்பில் எத்தனையோ வீடுகளில் காணலாம். உங்கள் நாய் உடனே உறங்கிவிடுகிறது என்றால், அதற்குப் பழக்கமான ஒரு கட்டில் இருக்கிறது, நடுங்குகிற நேரத்தில் அதை எவரும் அதட்டி வெளியே இழுப்பதில்லை என்பதும் ஒரு காரணம். உங்களுக்கும் அப்படியோர் ஒதுங்கிடம் வேண்டாமா?

அந்த உதறலைச் சற்று உற்றுக் கவனியுங்கள். தலையில் தொடங்கி, காதுகள் படபடக்க, முதுகு வழியாக வால் நுனி வரை அது ஓடி முடியும். நனைந்த நாய் மட்டும் உதறுவதில்லை. மிருக வைத்தியரின் மேசையிலிருந்து இறக்கிவிட்டதும், முன்பின் அறியாத ஒரு நாயைக் கடந்து சென்றதும்கூட உதறும். இறுக்கமான ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் நடுவில் அது ஓர் எல்லை வைக்கிறது. நம் நாளில் அத்தகைய எல்லை எதுவும் இல்லை. அலுவலகத்தின் சொல்லைச் சுமந்துகொண்டே 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுகிறோம், நெரிசலில் அதையே மென்றுகொண்டு காலி வீதி வழியாக வருகிறோம், வீட்டுக்குள் நுழைந்ததும் கைத்தொலைபேசியைத் திறந்து அலுவலகக் குழுவில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கிறோம். ஆகவே வீட்டுக்கு வந்ததும், உடை மாற்றுவதற்கு முன்பே, தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு நாயைக் கடற்கரைப் பக்கம் கூட்டிச் செல்லுங்கள். இருபது நிமிடம் போதும். அது மோப்பம் பிடிக்க நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள்; கயிற்றை இழுத்து அவசரப்படுத்த வேண்டாம்.

இரவில் நித்திரை வராதபோது இன்னொன்றைச் செய்து பாருங்கள். உறங்கும் நாயின் அருகே தரையில் அமர்ந்து, அதன் விலா எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். நலமான நாய் உறக்கத்தில் நிமிடத்துக்கு 30க்கும் குறைவாகவே மூச்செடுக்கும். (பல நாட்கள் தொடர்ந்து அதற்கு மேல் இருந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்; இதய நோயின் தொடக்க அடையாளமாக இருக்கக்கூடும்.) எண்ணும்போது மூக்கு நுனி துடிப்பதையும், கனவில் முன்னங்கால் இழுபடுவதையும் காண்பீர்கள். அந்த ஒரு நிமிடம் உங்கள் கவனம் மேலதிகாரியிடம் இராது. பிறகு உங்கள் மூச்சை வெளிவிடும் நேரத்தைச் சற்று நீட்டுங்கள். மூச்சு உள்ளே போகும்போது இதயத்துடிப்பு சிறிது கூடுவதும் வெளியே வரும்போது குறைவதும் உடம்பின் இயல்பு என்பதால், நீண்ட வெளிமூச்சு இதயத்தை மெல்ல அமைதிப்படுத்தும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நாயைக் காட்டி உங்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனமில்லை. இடியிடம் எவரும் நியாயம் கேட்க முடியாது; மேலதிகாரியிடம் கேட்க முடியும். எல்லோர் முன்னிலையிலும் ஒருவரைச் சிறுமைப்படுத்துவது தவறு. மனம் அடங்கிய பிறகு, காலையில், அவரிடம் தனியாக என்ன சொல்ல வேண்டும் என்பதை நான்கு வரியில் எழுதி வையுங்கள்.

கேள்வி: என் மகள் அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். படிப்பின் பதற்றம் தணிய ஒரு பூனைக்குட்டி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். கொட்டாஞ்சேனையில் நான்காம் மாடியில் இரண்டு அறை வீடு எங்களுடையது. மகனுக்குச் சிறுவயதில் ஆஸ்துமா இழுப்பு இருந்தது. வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், கொழும்பு 13

பதில்: உங்கள் மகளின் எண்ணத்தில் உண்மை இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 249 மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், நாய் பூனைகளைப் பத்து நிமிடம் தடவி விளையாடிய மாணவர்களின் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் குறைந்திருந்தது. ஆனால் அந்த மாணவர்கள் பத்து நிமிடம் முடிந்ததும் எழுந்து போய்விட்டார்கள். வீட்டுப் பூனை பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது. பரீட்சையோ அடுத்த ஆண்டோடு முடிந்துவிடும். அதன்பின் மகள் பல்கலைக்கழகத்துக்கென்று யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ போய்விட்டால், தட்டில் உணவு வைப்பதும் மண்தட்டைச் சுத்தம் செய்வதும் உங்கள் வேலையாகும். நீங்கள் அதற்கு மனப்பூர்வமாக உடன்பட்டால் மட்டுமே வாங்குங்கள்.

மகனின் இழுப்பைப் பற்றி முதலில் அவனைப் பார்க்கும் வைத்தியரிடம் கேளுங்கள். யன்னலுக்கும் பல்கனிக்கும் வலை அடிக்காமல் நான்காம் மாடியில் பூனை வளர்க்க வேண்டாம். விசர்நோய்த் தடுப்பூசியைப் பூனைக்கும் ஆண்டுதோறும் போட வேண்டும். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பூனை வந்தாலும் வராவிட்டாலும், அதன் போக்கில் உங்கள் மகள் கண்டுகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணித்தியாலங்கள் உறங்கும். அதற்காக அது எவரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. மடியில் கிடக்கும், போதும் என்று தோன்றினால் எழுந்து அலுமாரிக்கு மேலே போய்விடும், பிறகு தானாகவே திரும்பி வரும். நம் வீடுகளில் பரீட்சை எழுதும் பிள்ளை அரை மணித்தியாலம் சும்மா இருந்தால் ஏழு பேர் ஏழு விதமாகக் கேட்கிறோம். அம்மா, அந்த அலுமாரி உச்சியை மகளுக்கு உங்களால் கொடுக்க முடியும். மாலையில் ஒரு மணித்தியாலம் அவளிடம் எவரும் பாடத்தைப் பற்றிக் கதைப்பதில்லை என்று வீட்டில் ஒரு முடிவு எடுங்கள். பூனைக்கு முன்பே இதைத் தொடங்கலாம்.

கேள்வி: கணவர் பிரிந்து சென்று எட்டு மாதங்கள் ஆகின்றன. என் நாய் மட்டுமே எனக்கு ஆறுதல். வெளியே போவதில்லை, தொலைபேசி எடுப்பதில்லை. அதற்குச் சோறும் மீனும் அவித்துக் கொடுக்கிறேன். எனக்குச் சமைக்கத் தோன்றுவதில்லை. இதுவே போதும் என்று இருந்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், தெகிவளை

பதில்: வேண்டாம், சகோதரி. உங்கள் நாய் உங்களை இந்த எட்டு மாதமும் தாங்கி வந்திருக்கிறது. அதற்கு மேல் அதனிடம் கேட்பது அதற்கும் பாரம். பசித்தால் அது உங்களிடம் வருகிறது, தனிமை தாளாவிட்டால் தலையைக் கொண்டுவந்து உங்கள் மடியில் வைக்கிறது. உதவி கேட்க அது வெட்கப்படுவதில்லை. நீங்களும் ஒருவரிடம் கேளுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரத்திலும் அழைக்கலாம். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலவசச் சேவை, தமிழிலும் பேசலாம். உயிர்மீது வெறுப்புத் தோன்றும் கணம் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். இன்றிலிருந்து நாயின் தட்டில் உணவு வைக்கும் அதே நேரத்தில், அதே அடுப்பில் அவித்த சோற்றை உங்கள் தட்டிலும் போட்டு, அதன் அருகில் இருந்து உண்ணுங்கள். நீங்கள் சிகிச்சைக்குப் போகும் நாளில் நாயைப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஓர் அயலவரின் பெயரையும் எழுதி வையுங்கள். அந்தக் கவலையாலேயே வைத்தியரிடம் போகாமல் இருந்தவர்களை நான் அறிவேன்.

கேள்வி: எனக்கு எழுபத்தொரு வயது. பம்பலப்பிட்டியில் மகளோடு இருக்கிறேன். பேரப்பிள்ளைகள் நாய்க்குட்டி கேட்கிறார்கள். நான் கூடாது என்று கோபித்துவிட்டேன். காரணத்தை எவரிடமும் சொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து எல்லோரும் இடம்பெயர்ந்து எழும்பியபோது, எங்கள் ஜிம்மியின் சங்கிலியைக் கழற்றி, இருந்த சோற்றைச் சட்டியில் போட்டு வைத்துவிட்டுப் படலையைத் திறந்தபடி விட்டு வந்தோம். சந்தி வரைக்கும் மழைக்குள் பின்னால் வந்தது. சனத்துக்குள் பிறகு காணவில்லை. அடுத்த ஆண்டு திரும்பிப் போனபோது சட்டி மட்டும் கிடந்தது. எத்தனையோ பேர் பிள்ளைகளை இழந்திருக்க, ஒரு நாய்க்காக நான் மனம் வருந்துவது சரியா?
– வாசகர், கொழும்பு 4

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அன்று வலிகாமத்தை விட்டு வெளியேற நாவற்குழிப் பாலத்தை நோக்கி, ஓர் அடி எடுத்து வைக்கப் பல நிமிடங்கள் காத்திருந்து நடந்தவர்கள் இலட்சக்கணக்கானோர். அவர்களுள் எத்தனை பேர் ஒரு சங்கிலியைக் கழற்றிவிட்டு வந்தார்கள் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிதான். துயரங்களை வரிசைப்படுத்தி, பெரியதற்கே அழ உரிமை உண்டு என்று வைத்துக்கொண்டால், சிறியவை அழப்படாமலே உள்ளே தங்கிவிடும். உங்களிடம் அது முப்பது ஆண்டுகள் தங்கியிருக்கிறது. இறந்ததா இருக்கிறதா என்று தெரியாத இழப்பை அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ் 1970களில் ‘தெளிவற்ற இழப்பு’ என்ற பெயரால் ஆராயத் தொடங்கினார். உடலைக் காணாததால் சடங்கு இல்லை, சடங்கு இல்லாததால் முடிவும் இல்லை. காணாமற்போனவர்களின் தாய்மார் நம் மண்ணில் சுமப்பது இதன் மிகக் கொடிய வடிவம். உங்களுடையது அதற்கு ஈடானது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதே வழியாகத்தான் மனதை அரிக்கிறது.

முதல் கடிதத்துக்கு எழுதிய பதிலில், அச்சம் வந்து போனபின் உடம்பை உதறி முடிக்கும் நாயைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கு முடிக்க இடம் கிடைக்கவில்லை. நடந்துகொண்டே இருந்தீர்கள், பிறகு கொடிகாமமோ வன்னியோ, பிறகு கொழும்பு, பிள்ளைகளின் படிப்பு, மகளின் திருமணம் என்று முப்பது ஆண்டுகள் போய்விட்டன. நீங்கள் ஜிம்மியைக் கைவிட்டதாக நினைக்கிறீர்கள். சங்கிலியைக் கழற்றியது, இருந்த சோற்றை அதற்கு வைத்தது, படலையைத் திறந்து விட்டது ஆகிய மூன்றும், நீங்களே எங்கே போகிறோம் என்று அறியாத ஒரு மழைநாளில், அதற்கு ஒரு வழி இருக்கட்டும் என்று செய்தவை.

பேரப்பிள்ளைகளுக்காக உடனே நாய் வாங்க ஒப்புக்கொள்ள வேண்டாம். மனம் இணங்காமல் கொண்டுவரும் நாயும் வீட்டில் நிம்மதியாக இராது. ஆனால் உங்கள் கோபத்தின் காரணம் தெரியாமல் அந்தப் பிள்ளைகள் இருப்பது நியாயமில்லை. ஒரு மாலையில் அவர்களை அருகில் இருத்தி ஜிம்மியைப் பற்றிச் சொல்லுங்கள். இடப்பெயர்விலிருந்து தொடங்காமல், குட்டியாக அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தொடங்குங்கள். எங்கே படுக்கும், யாரைக் கண்டால் குரைக்கும், எந்த மாமரத்தடியைத் தோண்டும் என்பதையெல்லாம் சொல்லுங்கள். சொல்லும்போது அழுகை வந்தால் அழுங்கள். தாத்தா அழுவதைப் பிள்ளைகள் பார்ப்பதில் தவறில்லை. அதன் பெயரில் கோயிலில் ஒரு விளக்கு ஏற்ற விரும்பினால் ஏற்றுங்கள். சில வாரங்கள் கழிந்தபின், நாய் வளர்க்கும் ஒரு நண்பர் வீட்டுக்குப் பிள்ளைகளோடு போய், அதன் தலையில் கை வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் திரும்பி வாருங்கள். எனக்கு மறுபடி எழுதுங்கள்.

ஜிம்மி என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை, ஐயா. பேரப்பிள்ளைகள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.