சம்பளம் தர முடியாத ஒரு திறந்த அறிவியல் ஆய்வுக்குப் பேராசிரியர்களை ஆலோசகர்களாக எப்படிச் சேர்ப்பது?

கேட்டவர் குன்னூரில் நண்பர்களோடு சேர்ந்து ஓடைகளின் நீர்மட்டத்தையும் மழையையும் பதிவு செய்யத் தொடங்கப் போகிறார். தரவு முழுவதும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தே இருக்கும். பணம் இல்லை. பேராசிரியர்களும் விஞ்ஞானிகளும் தன்னார்வமாக ஆலோசனை சொல்ல வருவார்களா, அவர்களை எப்படிக் கேட்பது என்பதுதான் கேள்வி.

வருவார்கள். கோத்தகிரியில் தேயிலைத் தோட்டங்களின் பழைய மழை ரெஜிஸ்டர்களைக் கணினியில் ஏற்றும் சிறு குழுவில் நானும் இருக்கிறேன். எங்களுக்கு உதவும் யாருக்கும் நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. ஆனால் "எங்கள் ஆலோசனைக் குழுவில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா" என்று யாரிடமும் போய் நிற்காதீர்கள். விவரம் தெரிந்தவர் அதற்குத் தயங்குவார். சரி என்று சொல்பவரும் பெயரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார், ஏனென்றால் செய்வதற்கு நீங்கள் அவரிடம் எதுவும் கொடுக்கவில்லை. அவரால் மட்டுமே தீர்க்க முடிகிற ஒரு சின்னக் கேள்வியோடு போங்கள்.

எங்களிடம் இருந்த கேள்வியைச் சொல்கிறேன். தோட்டங்களில் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதுவார்கள். ஒரு எஸ்டேட்டில் அதை முந்தின நாள் தேதியில் எழுதியிருக்கிறார்கள், பக்கத்து எஸ்டேட்டில் அளந்த நாளின் தேதியிலேயே. வானிலைத் துறையோ காலை 8.30 வரையிலான 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் வைக்கிறது. போதாக்குறைக்குப் பழைய பக்கங்கள் அங்குலத்திலும் சென்ட்டிலும் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு) இருக்கின்றன. அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்ற எங்களுக்கே தெரியும். தேதிச் சிக்கலுக்கு வானிலைத் தரவோடு வருஷக்கணக்கில் புழங்கியவர் வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனால் என்ன என்று தோன்றலாம். 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். எவ்வளவு மழைக்குப் பிறகு எந்தச் சரிவு நகர்ந்தது என்று நாளைக்கு ஒருவர் ஆராயும்போது, தேதி ஒரு நாள் பிசகினாலும் அந்தக் கணக்கே தப்பாகிவிடும்.

அப்படிப் புழங்கிய ஒருவருக்கு இப்படி எழுதினோம்: "வணக்கம் மேடம். பழைய மழைப் பதிவுகளைத் தொகுத்து இலவசமாக வெளியிடுகிறோம். இரண்டு தோட்டங்கள் தேதியை இரண்டு விதமாக எழுதியுள்ளன. ஒரே அட்டவணையில் சேர்க்கும் முன் எந்த முறை சரி என்று தெரிய வேண்டும். பக்கங்களின் படமும் கோப்பும் இணைத்திருக்கிறோம். அரை மணி நேரம் போனில் பேச முடியுமா? மார்ச் கடைசிக்குள் போதும்." பதில் வந்தது. அந்த அரை மணி நேரப் பேச்சில் அவரே இன்னும் சில கேள்விகளைக் கேட்டார். இரண்டு மூன்று முறை இப்படிப் பேசிய பிறகுதான் ஆலோசகராக இருக்க முடியுமா என்று கேட்டோம். அதற்குள் அவர் ஏற்கெனவே ஆலோசகர்தான்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அளக்க ஆரம்பிக்கும் முன்பே ஆளைப் பிடியுங்கள். ஊட்டி மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் க்ளென்மார்கனில் செய்த ஆய்வைப் பாருங்கள். 1968-ல் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஓடை நீரை அளக்கத் தொடங்கினார்கள். முதல் சில வருஷம் இரண்டையும் புல்வெளியாகவே விட்டு அளந்தார்கள். அப்புறம்தான் ஒன்றில் மட்டும் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், நட்டார்கள். மரம் நட்ட பக்கம் நீர் வரத்து குறைந்ததை இத்தனை காலம் கழித்தும் நாம் நம்பிச் சொல்ல முடிவது அந்த முதல் வருஷங்களின் அளவீட்டால். அந்த யோசனையை நடுவில் நுழைக்க முடியாது. எந்த ஓடை, எந்த இடத்தில் அளவுகோல், ஒப்பிட எதை வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் கேட்க வேண்டிய நேரம் உங்களுக்கு இப்போதுதான். அதோடு நம் நீலகிரி மாவட்டத்தில் ஒரு பக்கத்து மழையை வைத்து மறுபக்கத்தைச் சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் மேற்கே உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் கொட்டியபோது கிழக்குச் சரிவில் அதில் சிறு பங்குதான் பெய்தது. மழைமானியை எங்கே வைப்பது என்பதே ஒரு நிபுணரிடம் கொண்டுபோகத் தகுந்த நல்ல கேள்வி.

யாரைத் தேடுவது? பெரிய பெயர்களை முதலில் விட்டுவிடுங்கள், அவர்களுக்கு நேரம் இருக்காது. முனைவர் பட்டம் முடித்துச் சில வருஷம் ஆனவர்கள், கோவைக் கல்லூரிகளின் புள்ளியியல் ஆசிரியர்கள், நம் மலையிலேயே குடியிருக்கும் ஓய்வு பெற்ற விஞ்ஞானிகள் ஆகியோரிடம் போங்கள். கல்லூரி நூலகர்களை யாரும் நினைப்பதே இல்லை. தரவுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது, கோப்புகளுக்குப் பெயரிடுவது, பத்து வருஷம் கழித்தும் திறக்கும்படி சேமிப்பது இதெல்லாம் அவர்கள் தொழில். ஒரு நூலகராவது குழுவில் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. செமஸ்டர் தேர்வும் விடைத்தாள் திருத்தலும் நடக்கும் வாரங்களில் கல்லூரி ஆசிரியர்களுக்கு எழுத வேண்டாம்.

கேட்கும் முன் கொஞ்சமாவது வெளியிட்டிருங்கள். ஸெனோடோ என்று, ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்தும் தரவுச் சேமிப்புத் தளம் இருக்கிறது, இலவசம். உங்கள் கோப்பை இணையத்தில் எப்போதும் அடையாளம் காட்டும் நிரந்தர டிஓஐ எண்ணும் தரும். சோதனையாக எடுத்த ஒரு மாத அளவீடு போதும். அட்டவணையின் ஒவ்வொரு பத்தியும் என்ன, எந்த நாட்கள் விட்டுப்போயின, கருவி எது என்று எழுதி, பிறர் எடுத்துப் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு ஏற்றுங்கள். அவர்கள் முதலில் திறந்து பார்ப்பது அந்தக் கோப்பைத்தான். குறைகளை நீங்களே எழுதியிருப்பதைப் பார்த்தால் நம்பிக்கை வரும்.

பணம் இல்லாத இடத்தில் மரியாதையைத் தெளிவாகக் கொடுக்க வேண்டும். என்ன செய்தால் ஆசிரியர் பட்டியலில் பெயர், என்ன செய்தால் நன்றியுரையில் பெயர் என்பதை முதல் மாதமே எழுதிக்கொள்ளுங்கள். யோசனை, முறை, தரவுப் பராமரிப்பு என்று பங்களிப்பை 14 வகையாகப் பிரிக்கும் க்ரெடிட் என்ற வகைப்பாட்டை இப்போது பல ஆய்விதழ்கள் பயன்படுத்துகின்றன, அதையே எடுத்துக்கொள்ளலாம். வெறும் கருத்து சொன்னவரை ஆசிரியராகப் போடுவது அவருக்கும் சங்கடம். அரசு நிறுவனத்தில் இருப்பவருக்கு மேலிட அனுமதி தேவைப்படலாம். ஊதியமில்லாத பணி, மாதம் இத்தனை மணி நேரம் என்று ஒரு பக்கக் கடிதம் நீங்களே தயார் செய்து கொடுங்கள்.

ஆலோசகர்கள் விலகுவது பெரும்பாலும் சொன்னது என்ன ஆயிற்று என்று தெரியாததால்தான். யார் என்ன சொன்னார்கள், நாங்கள் என்ன செய்தோம், ஏற்காவிட்டால் ஏன் என்று ஒரு பட்டியலை, அவர்கள் சம்மதத்தோடு, தரவுக்குப் பக்கத்திலேயே வைக்கிறோம். எங்கள் முறையை ஒருவர் கடுமையாக மறுத்து எழுதியதும் அதில் அப்படியே இருக்கிறது. அவர் இன்னும் எங்களோடு இருக்கிறார்.

ஓடை எங்கே தொடங்குகிறது, எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்பதெல்லாம் தோடர், குறும்பர், படுகர் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களையும் அதே பட்டியலில் ஆலோசகர்களாகவே எழுதுங்கள். திறந்த அறிவியல் பற்றிய யுனெஸ்கோவின் 2021 பரிந்துரையும் பிற அறிவு மரபுகளோடு உரையாடச் சொல்கிறது. ஆனால் கோயில் ஊற்று போல வெளியே சொல்லக்கூடாது என்று அவர்கள் நினைக்கும் இடம் வரைபடத்தில் வரவே கூடாது. அதை முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது.

காலம் ஒரு வருஷம் என்று வையுங்கள். முடியும்போது நன்றிக் கடிதம் கொடுத்துவிட்டு, தொடர விருப்பமா என்று கேளுங்கள். கல்லூரியின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இணைக்க அந்தக் கடிதம் உதவும், அதனால் செய்த வேலையைத் தேதியோடு எழுதுங்கள்.