சும்மா கிடக்கும் கணினி

கேள்வி: என் மேசைக் கணினி பகலெல்லாம் சும்மாவே கிடக்கிறது, அதன் திறனை அறிவியல் ஆய்வுக்குக் கொடுக்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். ‘பாயின்க்’ (BOINC) என்ற இலவச மென்பொருளை நிறுவி, விண்வெளித் தரவுகளை ஆராயும் ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ (Einstein@Home) திட்டத்தில் சேர்ந்துகொண்டால், பெரிய கணக்கின் சிறு துண்டொன்று இணையம் வழியே உங்கள் கணினிக்கு வந்து, நீங்கள் வேலை செய்யாத நேரத்தில் கணிக்கப்பட்டு, விடை மட்டும் திரும்பிச் செல்லும். போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கி பதிவுசெய்த தரவுகளுக்குள் மறைந்திருந்த, நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழன்றபடி துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலைகளை வீசும் ‘பல்சர்’ விண்மீன் ஒன்று, அமெரிக்காவின் அயோவாவிலும் ஜெர்மனியிலும் இருந்த தன்னார்வலர்களின் கணினிகளில்தான் அகப்பட்டது என்று 2010-இல் அறிவிக்கப்பட்டபோது நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

மின்கட்டணம் சற்றுக் கூடும், மடிக்கணினியானால் சூடேறும். ஆகவே, கணினியின் மையச் செயலியின் (CPU) பயன்பாட்டை அமைப்புகளில் பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள். அலுவலகக் கணினியில் அனுமதியின்றி நிறுவ வேண்டாம்.