கதையைச் சொல்லாமல் விமர்சனம் எழுதுவது எப்படி?

சுஜாதாவின் அறிவியல் நாவல் 'என் இனிய இயந்திரா'வுக்கு விமர்சனம் எழுதினேன், முடிவைப் போட்டு உடைத்துவிட்டேன் என்று திட்டுகிறார்கள், அதைத் தூக்கினால் நாலு வரிதான் மிஞ்சுகிறது என்று கேட்டிருந்தீர்கள். நான் திட்டியவர்கள் பக்கம்தான், மன்னிக்கவும். எண்பதுகளில் விகடனில் தொடராக வந்த கதைதான், ஆனாலும் இன்றைக்கு முதல்முறை கையில் எடுக்கிறவர் இருக்கிறாரே.

ஆரம்ப அத்தியாயங்களில் வருவதைத் தாராளமாகச் சொல்லலாம். 2021-இல் நடக்கிற கதை, ஆட்களுக்கு ரெண்டெழுத்துப் பெயர், பிள்ளை பெறவே அரசாங்க அனுமதி, வெளியே போன கணவன் சிபி வீடு திரும்பவில்லை, தனியாக நிற்கும் மனைவி நிலாவிடம் ஜீனோ என்ற ரோபோ நாய் வந்து சேர்கிறது. ஆளை இழுக்க இது போதாதா? அப்புறம் ஜீனோவுக்கென்றே ஒரு பத்தி ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால் கதையின் உயிரே அந்த நாயின் வாய்த்துடுக்குதான், அது புத்தகம் படிக்கும் என்று சொல்வதால் எந்த ரகசியமும் உடையாது. கதையில் நாட்டை ஆளும் தலைவர் ஜீவாவைப் பற்றி மட்டும் வாயே திறக்காதீர்கள்.

2021 தாண்டிவிட்டது இல்லையா, சுஜாதா ஊகித்ததில் எது பலித்தது, எது சொதப்பியது என்று உங்களுக்குப் பட்டதை எழுதினாலே நாலு வரி ரெண்டு பக்கமாகிவிடும். முடிவைப் பேசியே ஆகணும் என்றால் எச்சரிக்கை போட்டு, கொஞ்சம் இடம் விட்டு, கடைசியில் எழுதுங்கள்.