ரசிகர் புனைகதை எழுதுபவர்களுக்கு வாசகர் கருத்து ஏன் அவ்வளவு முக்கியம்?

வேறு கூலி கிடையாது என்பதுதான் முதல் காரணம். பிடித்த தொடர் அல்லது நாவலின் கதாபாத்திரங்களை வைத்து ரசிகரே எழுதும் கதை இது; அந்தப் பாத்திரங்களின் உரிமை இன்னொருவரிடம் இருப்பதால் கதையை விற்றுக் காசு பார்க்க வழியில்லை.

இது இணையத்தோடு வந்த வழக்கமல்ல. 1967இல் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் 'ஸ்பாக்கனேலியா' என்ற சிற்றிதழைத் தாங்களே அச்சிட்டார்கள். அத்தகைய இதழ்களில் எழுதியவருக்குப் பெரும்பாலும் மிஞ்சியது ஓர் இலவசப் பிரதியும், தபாலில் வந்த வாசகர் கடிதங்களும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. என் கணக்கில் அதுவே பெரியது. இங்கே வாசகருக்கும் கதாபாத்திரங்கள் அத்துப்படி. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் ஸ்பாக் என்ற பாத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். "கேப்டன் கோபப்பட்டபோது ஸ்பாக் பதில் பேசாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினாரே, அது அசல் ஸ்பாக்" என்று ஒருவர் எழுதினால், பாத்திரத்தின் குரல் சரியாகப் பிடிபட்டிருக்கிறது என்று பொருள். "அவர் இவ்வளவு உருகமாட்டார்" என்றாலும் லாபம்தான். அடுத்த அத்தியாயத்தில் திருத்திக்கொள்ளலாம். சொந்தப் பாத்திரங்களைப் படைக்கும் நாவலாசிரியருக்கு இந்த உரைகல் வாய்ப்பதில்லை.

"அருமை, அடுத்த பகுதி எப்போது?" என்பதும் கருத்துதான். ஆனால் பாராட்டைவிடக் கடன்காரர் குரல்தான் அதில் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கிறது!